ஆற்றுப்படுத்துதல்: துக்கத்திற்குக் கெடு வைத்த வரலாறு

1

ஒருத்தர் செத்துப்போனால் எத்தனை நாள் அழலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அசட்டுக் கேள்வி மாதிரிதான் இருக்கும். அழுகை வந்தால் அழுகிறோம், ஓய்ந்தால் ஓய்கிறோம், இதிலே முடிவு செய்ய என்ன கிடக்கிறது என்று தோன்றும். ஆனால் துக்கத்திற்குக் கெடு வைக்காத சமூகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம்மூரில் எட்டாம் நாள், பதினாறாம் நாள் காரியம், தலைத் திவசம் என்று கணக்கு உண்டு. மனுவின் சாஸ்திரம் சாவுத்தீட்டை வருணம் பார்த்துப் பிரிக்கிறது: பார்ப்பனருக்கு 10 நாள், சத்திரியருக்கு 12, வைசியருக்கு 15, சூத்திரருக்கு ஒரு மாதம். தீட்டும் துக்கமும் ஒன்றல்ல, சரி. ஆனால் சாவுக்குப் பிறகான நாட்களை எண்ணும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை.

இன்று அந்த எண்ணிக்கை வேறு கைக்குப் போயிருக்கிறது. 2022 மார்ச்சில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் திருத்திய பதிப்பை வெளியிட்டபோது 'நீடித்த துக்கக் கோளாறு' என்றொரு நோயைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம். அதைத் தாண்டியும் துக்கம் அதே உக்கிரத்தோடு இருந்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் கெடு இன்னும் குறைவு, 6 மாதம். அந்தந்தப் பண்பாட்டின் வழக்கத்தை மீறியதாக இருந்தால்தான் நோய் என்கிற நிபந்தனை இரண்டிலுமே உண்டு. மருத்துவமும் ஊர் வழக்கத்தின் வாயைப் பார்த்துத்தான் நிற்கிறது என்று இதற்குப் பொருள்.

துக்கம் பற்றிய நவீன அறிவின் வரலாற்றை வாசித்துக்கொண்டு போகும்போது எனக்கு இரண்டு இழைகள் தெரிகின்றன. ஒன்று கடிகாரம். இன்னொன்று, பக்கத்தில் வந்து உட்காரும் ஆள். துக்க ஆலோசனை என்று இன்று நாம் அழைப்பது இந்த இரண்டும் பின்னிக் கிடக்கிற ஒரு நடைமுறை. கடிகாரத்தின் வரலாறு மருத்துவர்களின் பெயரால் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் விதவைகளின் வரலாறு. அது முன்னதன் அடியில் மறைந்து கிடக்கிறது.

'கவுன்சிலிங்' என்பதற்கு ஈழத்தில் 'உளவளத்துணை' என்கிறார்கள். நம் அரசு அலுவலகங்களில் 'ஆற்றுப்படுத்துநர்' என்று பதவிப் பெயரே இருக்கிறது. யார் எந்த எண்ணத்தில் அந்தச் சொல்லைப் போட்டார்களோ, தமிழ் படித்தவனுக்கு அது ஆற்றுப்படையை ஞாபகப்படுத்தாமல் விடாது. ஆற்றுப்படையில் வழி சொல்கிறவன் வள்ளல் கிடையாது. பாணன், பொருநன், கூத்தன். நேற்றுவரை இவனைப் போலவே பசியில் கிடந்து, அந்த வழியே போய்ப் பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், எதிரே வருகிறவனிடம் தான் நடந்த பாதையைச் சொல்கிறான். வழி சொல்லும் தகுதி அவனுக்குப் பட்டத்தால் வரவில்லை, பட்டதால் வந்தது. துக்க ஆலோசனையின் வரலாற்றை இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம்.

2

சிக்மண்ட் ஃப்ராய்ட் 1915இல் எழுதி 1917இல் வெளியிட்ட 'துக்கமும் மெலங்கோலியாவும்' கட்டுரையிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய மகன்களே படையில் இருந்தார்கள். கட்டுரையின் வாதம் சுருக்கமானது. நேசித்த ஆள் இனி இல்லை என்கிறது யதார்த்தம். மனம் ஒப்ப மறுக்கிறது. ஒவ்வொரு நினைவாக எடுத்து, ஒவ்வொன்றிலும் கட்டியிருந்த பற்றை அவிழ்க்கவேண்டியிருக்கிறது. அதற்கு நேரமும் சக்தியும் செலவாகின்றன. முடிந்ததும் தன்னிலை விடுதலை அடைகிறது. இதை அவர் துக்க 'வேலை' என்றார்.

வேலை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு முடிவு உண்டு. ஒழுங்காகச் செய்தவன், செய்யாதவன் என்ற பாகுபாடு உண்டு. மேற்பார்க்க ஒரு மேஸ்திரியும் வந்துவிடுவான். இருபதாம் நூற்றாண்டின் துக்கச் சொல்லாடல் முழுக்க இந்த ஒற்றைச் சொல்லின் கிளைகள் எனலாம். வேடிக்கை என்னவென்றால், துக்கம் நோயே அல்ல, அதை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதில்லை, அதில் தலையிடுவது வீண், கெடுதலும்கூட என்று அதே கட்டுரையில் ஃப்ராய்ட் சொல்லியிருந்தார். பின்னால் வந்தவர்கள் வேலையை எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

கட்டுரை வெளியாகி மூன்று வருடத்தில், 1920 ஜனவரியில், ஃப்ராய்டின் மகள் சோஃபி ஹாம்பர்கில் இன்ஃபுளுயன்சாவில் இறந்துபோனாள். வயது 26. போருக்குப் பிந்திய குழப்பத்தில் ரயில் இல்லை, பெற்றவர்களால் போய்ப் பார்க்க முடியவில்லை. 1923இல் சோஃபியின் சின்ன மகனும் காசநோயில் போய்விட்டான். 1929இல், மகனைப் பறிகொடுத்திருந்த தன் நண்பர் லூட்விக் பின்ஸ்வாங்கருக்கு ஃப்ராய்ட் ஒரு கடிதம் எழுதுகிறார். உக்கிரமான துக்கம் ஒருநாள் தணியும், ஆனாலும் நாம் ஆறுதல் அடையமாட்டோம், அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதுதான் சரி, கைவிட விரும்பாத அந்த அன்பைத் தொடர அது ஒன்றுதான் வழி என்பது அதன் சாரம்.

1917இன் ஃப்ராய்டை 1929இன் ஃப்ராய்ட் மறுக்கிறார். முன்னது கோட்பாட்டுக் கட்டுரை, பாடப்புத்தகத்திற்குப் போயிற்று. பின்னது ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனுக்கு எழுதிய கடிதம், வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்குப் போயிற்று. எது அறிவு, எது வெறும் அனுபவம் என்று பிரித்து வைக்கிற அலமாரி எப்படி வேலை செய்கிறது என்பது இங்கே தெரிகிறது.

3

கடிகாரத்திற்கு முள் பொருத்தப்பட்ட இடம் பாஸ்டன் நகரம். 1942 நவம்பர் 28, சனிக்கிழமை இரவு. கொகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் தீப்பிடித்தது. கொள்ளளவுக்கு மேல் கூட்டம். பிரதான வாசலில் சுழல்கதவு, அதில் ஆட்கள் சிக்கிக் கதவு நின்றுபோயிற்று. வேறு கதவுகளில் சில பூட்டிக் கிடந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. 492 பேர் செத்துப்போனார்கள்.

காயம்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு வந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்து அங்கே பணியாற்றிய எரிக் லிண்டெமன் என்ற உளமருத்துவர், தீக்காயத்தைக் காட்டிலும் பிழைத்தவர்களின் துக்கம் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்பதைக் கவனித்தார். தீ விபத்தில் உறவினரை இழந்தவர்கள், மருத்துவமனையில் இறந்தவர்களின் குடும்பத்தார், படையில் இருந்தவர்களின் உறவினர்கள் என்று 101 பேரைப் பார்த்து 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். துக்கத்தின் உடல் அடையாளங்களை அவ்வளவு துல்லியமாக அதற்கு முன் மருத்துவத்தில் யாரும் பதிந்ததில்லை எனலாம். தொண்டை அடைப்பது, பெருமூச்சு, உடம்பில் வலுவே இல்லாமல் போவது, இவை அலை அலையாக 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை நீடித்துத் தணிவது. இறந்தவரின் உருவம் மனதைவிட்டு அகலாமல் நிற்பது. 'நான் மட்டும் ஒழுங்காப் பார்த்திருந்தா' என்கிற குற்றவுணர்வு. ஆறுதல் சொல்ல வந்தவர்மேலேயே எரிந்து விழுவது. அன்றாடக் காரியங்களின் ஒழுங்கு குலைந்துபோவது.

துக்கப்படுகிறவனுக்கு இந்தப் பட்டியல் பெரிய ஆறுதல். தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதே பாதி பாரம் இறங்கின மாதிரி. இன்றும் துக்க ஆலோசனையின் முதல் காரியம் இதுதான்: உனக்கு நடப்பது எல்லாருக்கும் நடப்பது என்று சொல்வது. லிண்டெமனுக்கு இந்தப் பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதே கட்டுரை, சிக்கலில்லாத துக்கத்தை 4 முதல் 6 வாரத்தில், 8 முதல் 10 அமர்வுகளில் வழக்கமாகத் தீர்த்துவிட முடிகிறது என்றும் சொன்னது. இந்த எண்ணிக்கையை அதன் காலத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். போர்க்காலம். லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சாவுச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், போர்முனைக்கு ஆள் வேண்டும். சீக்கிரம் எழுந்து நடக்கிற துக்கம் அன்றைய தேவையாக இருந்தது. லிண்டெமன் அரசுக்குச் சேவகம் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு வாரம் என்பது மனத்தின் இயல்பிலிருந்து மட்டும் வந்த எண்ணல்ல என்கிறேன்.

4

போர் முடிந்தபின் துக்கம் வீட்டுக்குள் ஒடுங்கியது. பிரிட்டனில் ஜெஃப்ரி கோரர் 1965இல் வெளியிட்ட நூலில், சாவைச் சுற்றியிருந்த சடங்குகள் கழன்றுபோனதால் துக்கப்படுகிறவர்கள் வழிகாட்டல் ஏதுமில்லாமல் தனித்து விடப்பட்டதைக் காட்டினார். அவருடைய தகப்பனார் 1915இல் லூசிடானியா கப்பலோடு போனவர். 1961இல் தம்பி புற்றுநோயில் இறந்தபின், விருந்துக்கு அழைத்தவர்களிடம் துக்கத்தில் இருக்கிறேன் என்று சொன்னபோது, ஏதோ ஆபாசமாகப் பேசிவிட்டதுபோல் அவர்கள் நெளிந்ததை அவர் பதிவு செய்கிறார்.

இந்த மௌனத்தை முதலில் உடைத்தவர்களில் முக்கியமானவர் மார்கரெட் டோரி. 1959இல் லண்டனையொட்டிய ரிச்மண்டில் 'குரூஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். விதவைகளுக்கும் அவர்கள் குழந்தைகளுக்குமானது. பைபிளில் பஞ்ச காலத்தில் ஏழை விதவை வீட்டில் எண்ணெய் குறையாமல் இருந்த கலயத்தின் பெயர் அது. பெயரே சொல்லிவிடுகிறது. கண்ணீரோடு கூடவே பென்ஷன், வீட்டு வாடகை, வருமான வரி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவர்கள் பேசவேண்டிய விஷயங்களாக இருந்தன.

இந்த இடத்தில் எனக்கு எம்.ஏ. வகுப்பில் படித்த மெய்ப்பாட்டியல் ஞாபகம் வருகிறது. அழுகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது இது வெறும் பட்டியலாக இருந்தது. ஃப்ராய்டைப் படித்துவிட்டு வந்தால்தான் அதன் வித்தியாசம் உறைக்கிறது. ஃப்ராய்டில் துக்கம் மனத்துக்குள் நடக்கிற வேலை. தொல்காப்பியத்தில் இழப்பு தனியாக நிற்கவில்லை. ஒரு பக்கம் அவமானம், இன்னொரு பக்கம் பசி. புருஷன் செத்த வீட்டில் இந்த நான்கும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன என்பதை எந்த விதவையும் சொல்வாள். டோரியின் விதவைகளுக்கு அது தெரிந்திருந்தது.

1960களில் அதே பாஸ்டனில் இன்னொன்று நடந்தது. லிண்டெமனோடு பணியாற்றிய ஜெரால்ட் காப்ளனின் ஆய்வகத்தில் இருந்த ஃபிலிஸ் சில்வர்மன், துக்கத்தில் இருக்கும் விதவைக்கு யாரால் உதவ முடிந்தது என்று விசாரித்துப் பார்த்தார். மருத்துவர்களும் பாதிரிமார்களும் அவ்வளவாகப் பயன்படவில்லை. இன்னொரு விதவைதான் பயன்பட்டாள். அப்படிப் பிறந்ததுதான் 'விதவைக்கு விதவை' திட்டம். மரணப் பதிவேட்டிலிருந்து பெயர் எடுத்து, புதிதாகக் கணவனை இழந்தவளுக்கு, ஏற்கெனவே இழந்த ஒருத்தி கடிதம் எழுதி, வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். ஆற்றுப்படையின் பாணன் பாஸ்டனில் பெண்ணாக வந்திருக்கிறான் என்று சொல்லத் தோன்றுகிறது.

காலின் முரே பார்க்ஸ் என்ற மருத்துவர் லண்டனில் 22 விதவைகளை ஒரு வருடத்திற்கு மேல் தொடர்ந்து சந்தித்துத்தான் 1970இல் தன் ஆய்வை எழுதினார். கூட்டத்தில் கணவன் முகம் தெரிவது, வாசலில் சத்தம் கேட்டால் அவர்தான் என்று எழுந்திருப்பது ஆகியவற்றை அவர் 'தேடல்' என்றார். தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றிய ஜான் பௌல்பியின் சிந்தனை இதோடு சேர்ந்து, துக்கத்திற்குக் கட்டங்கள் உண்டு என்ற கோட்பாடு உருவானது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்து நிலைகள் அதைவிடப் பிரபலமாயின. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. ஆனால் அவர் சிகாகோவில் பேட்டி கண்டது சாகக் கிடந்தவர்களை. இருப்பவர்களின் துக்கத்திற்கு அந்த ஐந்து படியைப் பிற்பாடு பொருத்தினார்கள். சினிமாவிலிருந்து கம்பெனி பயிற்சி வகுப்புவரை ஐந்து படி போயிற்று. விதவைகளின் வாய்மொழி மருத்துவரின் கட்டமாகி, கட்டம் எல்லோருக்குமான படிக்கட்டாகிற இந்தப் பயணத்தில், முதலில் பேசிய அந்த 22 பெண்கள் காணாமல் போகிறார்கள்.

5

ஆனால் வரலாறு ஒரே திசையில் ஓடவில்லை. துக்க ஆலோசகர்களின் பாடப்புத்தகம் என்றால் வில்லியம் வோர்டன் 1982இல் எழுதியதுதான். துக்கப்படுகிறவர் செய்யவேண்டிய நான்கு காரியங்களை அவர் வகுத்தார்: இழப்பை நிஜம் என்று ஏற்பது, வலியை அனுபவித்துக் கடப்பது, இறந்தவர் இல்லாத உலகத்தில் பழகுவது, நான்காவதாக இறந்தவரிடமிருந்து உணர்ச்சிச் சக்தியை மீட்டு வேறு உறவில் இடுவது. நான்காவது அப்படியே 1917இன் ஃப்ராய்ட். 1991இல் வந்த இரண்டாம் பதிப்பில் வோர்டன் அதை மாற்றினார். இறந்தவருக்கு மனத்தில் வேறோர் இடம் கொடுத்துவிட்டு வாழ்க்கையைத் தொடர்வது என்றாயிற்று. 2009 பதிப்பில் மறுபடி மாற்றம். புது வாழ்க்கையில் இறங்கும்போதே இறந்தவரோடு நிலையான ஒரு தொடர்பைக் கண்டடைவது. அறுத்துவிடு என்று ஆரம்பித்த புத்தகம், 27 வருடத்தில், வைத்துக்கொள் என்று சொல்வதில் வந்து நிற்கிறது.

இந்த மாற்றத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 1996இல் வெளிவந்த 'தொடரும் பிணைப்புகள்' என்ற தொகுப்பு. ஆரோக்கியமான துக்கம் என்பது உறவை அறுப்பதல்ல, இறந்தவரோடு உள்ள உறவு உருமாறித் தொடர்கிறது என்று அது வாதிட்டது. தொகுப்பாசிரியர்கள் மூன்று பேர். டெனிஸ் கிளாஸ், ஸ்டீவன் நிக்மன், மூன்றாமவர் ஃபிலிஸ் சில்வர்மன். விதவைகளை விதவைகளிடம் அனுப்பி வைத்த அதே சில்வர்மன்! கோட்பாட்டை மாற்றியது ஆய்வுக்கூடம் மட்டுமல்ல. முப்பது வருடமாக அந்த வீடுகளில் உட்கார்ந்து கேட்ட பேச்சு இப்போது கோட்பாடாகத் திரும்பி வந்திருக்கிறது. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் சொன்னது இன்னும் எளிமையானது. துக்கப்படுகிறவர் படி ஏறுவதில்லை. ஊசலாடுகிறார். காலையில் போட்டோவைப் பார்த்து அழுகிறார், மத்தியானம் ரேஷன் கடைக்குப் போகிறார். இரண்டுமே வேண்டும்.

இதற்கு நேர் எதிராகக் கடிகாரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கையேட்டின் 1994 பதிப்பு, சாவு நடந்து 2 மாதம்வரை பொதுவாக மனச்சோர்வு நோய் என்று முத்திரை குத்தாதே என்று விலக்குக் கொடுத்திருந்தது. 2013 பதிப்பு அந்த விலக்கையே எடுத்துவிட்டது. 2 வாரம் அறிகுறிகள் இருந்தாலே போதும் என்ற பொதுவிதி துக்கத்திற்கும் வந்தது. மனைவியை 2011இல் இழந்த ஹார்வர்ட் மானிடவியலாளர், உளமருத்துவர் ஆர்தர் கிளெய்ன்மன் 2012இல் லான்செட் இதழில் இதை எதிர்த்துத் தன் துக்கத்தையே சாட்சியாக வைத்து எழுதினார். மறுபடியும் அதே கதை. கையேட்டுக்கு எதிராக ஒரு கணவனின் சாட்சியம்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேர்ந்த சிகிச்சை பலன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்கா மாதிரி இடத்தில் நோயின் பெயர் இல்லாவிட்டால் காப்பீடு சிகிச்சைக்குப் பணம் தராது. ஆகவே பெயரே கூடாது என்பது என் வாதமல்ல. சாதாரணத் துக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் சம்பிரதாயமாக ஆலோசனை கொடுப்பதால் பெரிய பலன் இல்லை என்று காட்டியதும் அதே ஆய்வுகள்தான். மனநோய் ஏதுமில்லாத துக்கப்படுகிறவர்களுக்குக் கட்டமைக்கப்பட்ட உளவியல் சிகிச்சையை எல்லோருக்கும் பொதுவாகத் தரவேண்டாம், பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரை தரவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்னது. நம் எழவு வீடுகளில், அழுகிறவளுக்கு 'ஒரு ஊசி போட்டுத் தூங்க வையுங்க' என்று டாக்டரைக் கூப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

6

இங்கே, எங்களிடம்தான் ஒப்பாரி இருக்கிறதே, எதற்குக் கவுன்சிலிங் என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலை நான் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன்.

ஒப்பாரி வட்டத்தில் நடப்பது எளிதானதல்ல என்பது உண்மை. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, தோள் மாறித் தோள் சாய்ந்து அழுகிறார்கள். செத்தவரைப் பற்றிய பாட்டு நடுவில் திரும்பி, பிறந்த வீட்டுக்குப் போகிறது, மாமியாருக்குப் போகிறது, சொத்தில் பங்கு தராத அண்ணனுக்குப் போகிறது. என் பெரியம்மா ஒருத்தர் எந்த எழவு வீட்டுக்குப் போனாலும் இருபது வருடத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்து போன மகனுக்குத்தான் அழுவார். 'இன்னுமா அவனை நெனச்சு அழுவுற' என்று அங்கே யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் இருப்பவளும் தன்னுடைய சாவுக்குத்தான் அழுகிறாள். பன்னிரண்டு மாதக் கெடு அங்கே செல்லாது. நாட்டார் பாடல் தொகுப்புகள் இந்த வட்டத்தைக் கழற்றிவிட்டுப் பாட்டை மட்டும் அச்சடித்து 'இலக்கியம்' ஆக்கின. கேட்பவள் இல்லாத ஒப்பாரி பாதி ஒப்பாரி.

ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே பாருங்கள். பெண்டாட்டி செத்தவனுக்குப் பதினாறு முடிந்ததும் பெண் பார்க்கிறார்கள். புருஷன் செத்தவளுக்குக் கெடுவே கிடையாது. தாலியறுத்து, பொட்டழித்து, நல்ல காரியத்தில் எதிரே வராதே என்று மூலையில் உட்கார வைத்து, துக்கத்தை ஆயுள் தண்டனையாக்குகிறார்கள். மறுமணம் செய்கிற சாதிகளை 'அறுத்துக் கட்டுறவங்க' என்று இளக்காரமாகப் பேசுகிறது மேல்சாதி மொழி. கெடுவுக்குள் அழுகையை நிறுத்து என்கிற கையேடும், சாகும்வரை நிறுத்தாதே என்கிற சாதியும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. அழுகிறவளின் கணக்கை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன.

யாருடைய சாவுக்கு யார் அழவேண்டும் என்பதும் சாதியின் கணக்கு. சாவுச் சேதி சொல்லப் போவதும், பறையடிப்பதும், பண்ணையார் வீட்டு வாசலில் மாரடித்து அழுவதும் தலித்துகள்மேல் சுமத்தப்பட்டிருந்தன. 'கூலிக்கு மாரடிப்பது' என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிற சொலவடைக்குள் இந்த வரலாறு இருக்கிறது. இனி சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று 1990களில் தலித் இளைஞர்கள் மறுத்தபோது, துக்கத்தின் உழைப்புப் பிரிவினையைத்தான் மறுத்தார்கள். எந்த உயிர் துக்கத்திற்குரியது என்று எண்ணப்படுகிறது என ஜூடித் பட்லர் 2004இல் கேட்ட கேள்வியை, நம் சேரிகள் வேறு மொழியில் ஏற்கெனவே கேட்டிருந்தன. ஆகவே ஒப்பாரியைப் பொற்காலமாக்க வேண்டாம். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: தானும் இழந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது.

7

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இலங்கையில் 30,000க்கும் மேல். இரண்டு கரைகளுக்கும் நிவாரணத்தோடு உளவியல் ஆலோசகர்களும் வந்தார்கள். ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைத்துவிட்டுப் போகிற முறை அப்போது புழக்கத்தில் இருந்தது. அது பயனற்றது என்பதற்கு 2002லேயே சான்று இருந்தது. 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த நெறிமுறை அதைச் செய்யாதே என்று எழுதியே வைத்தது. பதிலாக அது சொன்னவை: பாதுகாப்பு, உணவு, காணாமல் போனவர் பற்றிய தகவல், உடலை அவரவர் முறைப்படி அடக்கம் செய்யும் வாய்ப்பு, ஊர்க்காரர்களையே பயிற்றுவிப்பது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களும் ஊர்மட்டப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் வழியையே எடுத்தன.

ஆனால் நான் இதுவரை சொன்ன எல்லாக் கடிகாரங்களும் நின்றுபோகிற இடம் ஒன்று இருக்கிறது. சாவுத் தேதியே இல்லாத துக்கம். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் கொடுத்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா தெரியாது. பதினாறு எப்போது? திவசம் எப்போது? பன்னிரண்டு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? இந்த மாதிரிக் குடும்பங்களிடம் ஏற்றுக்கொள் என்று வற்புறுத்தாதீர்கள், கோளாறு அவர்கள் மனத்தில் இல்லை, அவர்கள் இருக்கும் நிலைமையில் இருக்கிறது என்றார் பாஸ்.

ஈழத்தில் போர் 2009 மே மாதம் முடிந்தது. வட்டுவாகலில் கையில் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று கேட்டு, 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பதில் வராமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். 2016இல் இலங்கை அரசு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று சான்றளிக்கும் பத்திரத்தைச் சட்டமாக்கியது. சொத்து, வங்கிக் கணக்கு போன்ற காரியங்களுக்கு அது உதவும். ஆனால் அந்தத் தாய்மார்கள் கேட்பது பத்திரம் அல்ல. அவர்களில் ஒருத்தியிடம் உளவளத்துணையாளர் போய், அம்மா, நீங்கள் இதிலிருந்து மீண்டு வரவேண்டும் என்று சொன்னால், அந்த வாக்கியம் யாருக்கு வசதியானது? அவளுடைய துக்கம் நோயானால் அரசின் மௌனம் கேள்வியிலிருந்து தப்பித்துவிடுகிறது. அதற்காக அவளைத் தனியே விட்டுவிடுவதா? தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் கிடக்கிறவளுக்கு ஆள் வேண்டும். போராட்டக் கொட்டகையில் ஒருத்திக்கு ஒருத்தி அந்த ஆளாக இருந்தார்கள். மகன் பெயரைச் சொல்லி முறையிட்டார்கள், தேநீர் போட்டார்கள், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டார்கள். அங்கே வேலை செய்ய நினைக்கிற எந்த உளவளத்துணையாளரும் முதலில் அந்தக் கொட்டகையில் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவளுடைய கேள்வியைத் தானும் சேர்ந்து கேட்காத ஆறுதல் அங்கே எடுபடாது.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒன்றோடு நீலநிறப் புத்தகப்பை. அந்த ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவின்படி, அங்கே கிடைத்த துணிமணிகளையும் பொருட்களையும் சனங்கள் பார்த்து அடையாளம் சொல்வதற்காக வரிசையாக வைத்தார்கள். முப்பது வருடமாகத் தேடுகிறவர்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். தன் பிள்ளையின் சட்டையாக இருக்கவேண்டும் என்று நினைப்பதா, இருக்கக்கூடாது என்று நினைப்பதா என்று தெரியாமல் நிற்கிற ஒரு தாய்க்கு, எந்தக் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் கெடு குறிக்கப்படவில்லை. அவள் அங்கே நிற்கும்போது பக்கத்தில் நிற்க ஒருத்தி வேண்டும். எலும்பு யாருடையது என்று சொல்ல ஒரு அரசு வேண்டும். முதலாவதை வைத்து இரண்டாவதை ஈடுகட்ட முடியாது.